வலிக்காத கட்டி
திருவொற்றியூர் வட்டாரத் தாய்மார்களுக்கு ஹார்மோன் சம்பந்தமான புற்றுநோய்கள் பற்றி



குடும்ப நலம் என்றாலே கருத்தடை, தடுப்பூசி, சத்துமாவு என்று நினைத்துவிடுகிறோம். பிள்ளை பெற்று முடித்த பெண்ணைப் பற்றி அப்புறம் யாரும் விசாரிப்பதில்லை. நாற்பது, ஐம்பது வயதில், மூத்த பிள்ளை வேலைக்குப் போகும், சின்னது படித்துக்கொண்டிருக்கும். வீடு முழுக்க அந்தத் தாயின் தலையில்தான் ஓடும். சரியாக அந்த வயதில் வருகிற நோய் ஒன்றைப் பற்றி இந்தப் பிரசுரத்தில் பேசப்போகிறோம்.

மார்பகப் புற்றுநோய்தான் அது. கருப்பையின் உட்சுவர், சினைப்பை, ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றில் உண்டாகும் புற்றுநோய்களும் இதோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தைராய்டையும் இதில் சேர்த்துச் சொல்வது வழக்கம். இவையெல்லாம் ஹார்மோனோடு சம்பந்தப்பட்டவை. இதில் மார்பகத்தைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன். நம் ஊர்ப் பெண்களுக்கு இன்று அதிகமாக வருவது அதுதான். மற்றவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

ஹார்மோன் என்றால் என்ன?

நம் உடம்பில் நாளமில்லாச் சுரப்பிகள் என்று சில உண்டு. குழாய் இல்லாமல், தாங்கள் சுரப்பதை நேராக ரத்தத்தில் கலக்கும் சுரப்பிகள் இவை. இப்படிச் சுரப்பதைத்தான் ஹார்மோன் என்கிறோம். ரத்தத்தோடு ஊர் சுற்றும் தபால் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டு வாசலையும் கடந்து போகும். ஆனால் எந்த வீட்டில் அதற்கென்று பெட்டி மாட்டியிருக்கிறதோ அந்த வீட்டில்தான் விழும்.

பெண்ணின் சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோனுக்கு மார்பகத்திலும் கருப்பையிலும் பெட்டி உண்டு. பெண் வயசுக்கு வந்த நாளிலிருந்து மாதாமாதம் "வளரு, தயாராகு" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். மார்பகத்தின் அணுக்கள் பெருகும். கரு தங்காவிட்டால் அடங்கும். மாதவிலக்குக்கு நாலு நாள் முன்னால் மார்பு கனத்து வலிப்பது இதனால்தான். அது நோயல்ல.

ஆனால் அணு பெருகும் ஒவ்வொரு தடவையும், உள்ளே இருக்கும் எழுத்தைப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது. ஆயிரம் தடவை எழுதினால் எங்கோ ஒரு எழுத்துப் பிழை வரத்தானே செய்யும்? பிழைகள் சேர்ந்து, அடங்கு என்றாலும் அடங்காத அணு ஒன்று உண்டாகிவிட்டால், அதுதான் புற்றுநோயின் ஆரம்பம். ஹார்மோன் ஒன்றும் விஷமில்லை. அது இல்லாமல் பிள்ளையும் இல்லை, தாய்ப்பாலும் இல்லை. ஆனால் எத்தனை வருஷம், எத்தனை தடவை அது மார்பகத்தைத் தூண்டியது என்பதில் விஷயம் இருக்கிறது.

இது நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. இத்தாலியில் ராமசினி என்கிற வைத்தியர் தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டை ஒட்டியே புத்தகம் எழுதியவர். கன்னியாஸ்திரீகளுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று அப்போதே அவர் கவனித்தார். காரணம் அவருக்குப் புரியவில்லை. 1896ல் ஸ்காட்லாந்தில் பீட்சன் என்ற சர்ஜன், முற்றிய மார்பகப் புற்றுநோய்க்காரியின் சினைப்பைகளை எடுத்துவிட்டால் மார்பிலுள்ள கட்டி சுருங்குகிறது என்று எழுதினார். வயிற்றில் கை வைத்தால் மார்பில் குணம் தெரிகிறது! ஹார்மோன் என்ற பெயரே அப்போது வழக்கில் இல்லை. பிறகு 1926ல் இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேபன் என்ற டாக்டரம்மா, நோயுள்ள 500 பெண்களையும் நோயில்லாத 500 பெண்களையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். தாமதமாகக் கல்யாணம் ஆனவர்கள், குறைவாகப் பிள்ளை பெற்றவர்கள், பால் கொடுக்காதவர்கள் ஆகியோருக்கு நோய் அதிகம் என்று கண்டார். இன்றைக்கும் நாங்கள் சொல்வது பெரும்பாலும் அந்த அம்மாள் சொன்னதுதான்.

நம்ம சென்னைக் கணக்கு என்ன சொல்கிறது?

சென்னையில் யாருக்கு என்ன புற்றுநோய் வருகிறது என்று 1982 முதல் கணக்கு எடுத்து வருகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் முன்நின்று 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் அந்தப் பதிவேடு இருக்கிறது. நோயாளிகள் தாமாக வந்து எழுதிவைப்பதில்லை. பணியாளர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ச் சீட்டுகளைப் பார்க்கிறார்கள். இறப்புப் பதிவையும் புரட்டுகிறார்கள். பொறுமையான வேலை, பேர் கிடைக்காத வேலை. ஆரம்பத்தில் அந்தக் கணக்கு சென்னை மாநகராட்சி எல்லைக்குள்தான். ராயபுரமும் தண்டையார்பேட்டையும் அதில் உண்டு. திருவொற்றியூர் அப்போது தனி நகராட்சி. 2011ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. இருந்தாலும் டோல்கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வாழ்க்கை, அந்தப் பக்கம் வேறு வாழ்க்கை என்று கிடையாதே. கணக்கு நமக்கும் பொருந்தும்.

1980களில் சென்னைப் பெண்களுக்கு முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். வருஷத்துக்கு ஒரு லட்சம் பெண்களில் 40க்கும் மேற்பட்டவர்களுக்கு அது புதிதாக வந்தது. மார்பகப் புற்றுநோய் அதில் ஏறக்குறையப் பாதிதான். பிறகு என்ன ஆயிற்று? ஒன்று இறங்க இறங்க, மற்றது ஏறிக்கொண்டே வந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போயின. 2012 முதல் 2016 வரையிலான கணக்கில் சென்னையில் மார்பகப் புற்றுநோய் லட்சத்துக்கு 42. கருப்பை வாய் 20க்கும் கீழே இறங்கிவிட்டது. ஜனங்களின் வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகு கிடைத்த எண்கள் இவை. ஆகவே "இப்பெல்லாம் வயசானவங்க அதிகம், அதனாலதான்" என்று தள்ளிவிட முடியாது. "இப்பெல்லாம் ஸ்கேன் வந்துடுச்சு, அதனால தெரியுது" என்பதும் ஓரளவுதான் சரி. கையில் தட்டுப்படும் கட்டிக்கு ஸ்கேன் வேண்டியதில்லை.

தேசம் முழுவதும் இதே கதைதான். 2022ல் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். சுமார் 98 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல்நாடுகளில் நோய் நம்மைவிட அதிகம்; ஆனால் வந்தவர்களில் இறப்பவர்கள் நம்மைவிடக் குறைவு. அவர்கள் சீக்கிரம் போகிறார்கள், நாம் தாமதமாகப் போகிறோம் என்பதே அதற்குப் பெரிய காரணம்.

பாட்டியும் பேத்தியும்

கருப்பை வாய் நோய் ஏன் குறைந்தது, மார்பக நோய் ஏன் கூடியது? இரண்டுக்கும் முக்கியமான காரணம் ஒன்றே என்றால் நம்புவீர்களா?

கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவது ஒரு வைரஸ். சின்ன வயதில் கல்யாணம், அடுத்தடுத்துப் பிரசவம், சுத்தமின்மை இருந்தால் அது சுலபமாக வேர் பிடிக்கும். பெண்கள் படித்தார்கள், கல்யாண வயது ஏறியது, பிரசவம் குறைந்தது, வீட்டுக்குள் தண்ணீரும் கழிப்பறையும் வந்தன. தடுப்பூசி வருவதற்கு முன்பே நோய் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

அதே மாற்றம் மார்பகத்துக்கு வேறு விதமாக வேலை செய்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாட்டி பதினைந்து வயதில் பெரியமனுஷி ஆனாள், நாற்பத்தெட்டில் மாதவிலக்கு நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் வயிற்றில் சுமந்த மாதமும், பால் கொடுத்து மாதவிலக்கு வராமல் இருந்த மாதமும் சேர்த்து இரண்டேகால் வருஷம் கழியுங்கள். ஆயுசில் அவளுக்கு ஏறக்குறைய இருநூறு, இருநூற்று இருபது தடவைதான் மாதவிலக்கு வந்திருக்கும். பேத்தி பன்னிரண்டு வயதில் ஆளானாள். இரண்டு பிள்ளையோடு நிறுத்தினாள். வேலைக்குப் போக வேண்டி ஆறு மாதத்தில் பால் மறக்கடித்தாள். அவளுக்கு நானூற்று ஐம்பது தடவை. பாட்டியைவிட இரண்டு மடங்கு தூண்டல் பேத்தியின் மார்பகத்துக்கு.

இன்னொன்றும் உண்டு. முதல் பிள்ளையைச் சுமந்து பால் கொடுத்தபிறகுதான் மார்பகத்தின் அணுக்கள் முழுசாகப் பக்குவப்படுகின்றன. முப்பது வயதுக்கு மேல் முதல் பிரசவம் என்றால் பக்குவப்படாத காலம் நீண்டுபோகிறது. 30 நாடுகளில் நடந்த 47 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்து 2002ல் ஒரு முடிவு சொன்னார்கள். ஒரு பெண் தன் ஆயுசில் தாய்ப்பால் கொடுத்த ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் அபாயம் நூற்றுக்கு 4 பங்குக்குச் சற்று மேல் குறைகிறது. அது போக ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 பங்கு குறைகிறது.

"சின்னக் குடும்பம்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப நீங்களே இப்படிச் சொல்றீங்களே?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். குடும்பக் கட்டுப்பாடு பேசிய துறை இதை மறைத்தால் அது நியாயமில்லை. ஆனால் அதற்காக ஏழு பிள்ளை பெறுங்கள் என்று எந்தப் பைத்தியக்காரனும் சொல்லமாட்டான். ஏழு பிரசவத்தில் ரத்தம் இழந்தவர்கள், எட்டாவதில் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் குடும்பத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள்தான் இறந்தார்கள். அந்த நிலைக்கு வந்து சேர்ந்ததில் சின்னக் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதை விட்டுத்தர முடியாது. இருக்கிற ஒன்றிரண்டு பிள்ளைக்கு இரண்டு வயது வரை பால் கொடுங்கள். அது மட்டும் நம் கையில் இருக்கிறது. மற்றபடி, காலம் மாறும்போது நோயும் மாறும், காவலும் மாற வேண்டும்.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் வருமா?

எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. நேராகச் சொல்லிவிடுகிறேன். மாலா-என் போன்ற மாத்திரையில் ஹார்மோன் இருக்கிறது. அதைச் சாப்பிடுகிற காலத்தில் மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. நிறுத்திப் பத்து வருஷத்துக்குள் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. இளம் வயதில் இந்த நோயே அபூர்வம் என்பதால் அந்தக் "கொஞ்சம்" உண்மையிலேயே கொஞ்சம்தான். அதே மாத்திரை சினைப்பைப் புற்றுநோயையும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயையும் குறைக்கிறது. அந்தக் காப்பு மாத்திரையை நிறுத்திப் பல வருஷம் ஆனாலும் நீடிக்கிறது. ஆக, பயந்துகொண்டு நடுவில் நிறுத்தி, வேண்டாத கர்ப்பம் தங்கி, கண்ட மருந்தைத் தின்று கலைக்கப் போவதுதான் பெரிய ஆபத்து.

தாய்க்கோ அக்கா தங்கைக்கோ இந்த நோய் வந்திருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்த பெண் ஹார்மோன் மாத்திரையோ ஊசியோ எடுக்கக்கூடாது. அவர்களுக்குக் காப்பர்-டி இருக்கிறது. அதில் ஹார்மோன் கிடையாது.

மெடிக்கல் ஷாப் மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. வடிவுடையம்மன் கோயில் விசேஷம், வீட்டில் கல்யாணம் என்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். எப்போதோ ஒரு தடவை சாப்பிட்டால் புற்றுநோய் வராது. ஆனால் சிலருக்கு ரத்தம் கட்டிக்கொள்ளும். அதனால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். மாதவிலக்கு நின்றபிறகு உடம்பு எரிச்சலுக்காகச் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை வேறு சங்கதி. அமெரிக்காவில் பெரிய ஆராய்ச்சி ஒன்றில், இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரை மார்பகப் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2002ல் அந்தப் பகுதியையே நிறுத்தினார்கள். அதை டாக்டர் மேற்பார்வையில், தேவைப்பட்ட காலத்துக்கு மட்டும் சாப்பிட வேண்டும்.

கம்பெனிப் புகையால் வருகிறதா?

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஜனங்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். கேட்க உரிமையும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும், அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் ரோட்டுக்கு ஓடிவந்ததையும் யாரும் மறக்கவில்லை. அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும். காற்று மாசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2013ல் உறுதியாகவே சொல்லிவிட்டது. அதற்காகச் சுத்தமான காற்றைக் கேட்டு வாங்குவது நியாயம். ஆனால் மார்பகக் கட்டிக்குக் கம்பெனியைக் கைகாட்டிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் நஷ்டம் யாருக்கு? புகையே இல்லாத ஊர்களிலும் இது வருகிறது.

தொழில் சம்பந்தமாக ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பது, உடம்பின் பகல்-இரவுக் கணக்கைக் குலைத்துப் புற்றுநோய்க்கு அநேகமாகக் காரணமாகலாம் என்று அதே பிரிவு 2007லும் மறுபடி 2019லும் சொல்லியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் கம்பெனியிலும் நைட் பார்க்கும் பெண்கள் வேலையை விட முடியாது, தெரியும். அவர்கள் மார்பைக் காட்டிக்கொள்வதில் மற்றவர்களைவிட ஒழுங்காக இருக்கட்டும்.

புகையைவிட எனக்குக் கவலை தருவது இடுப்புச் சுற்றளவு. மாதவிலக்கு நின்றபிறகு சினைப்பை ஓய்ந்துவிடும். ஆனால் கொழுப்பு ஓயாது. உடம்பிலுள்ள கொழுப்பே ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்க ஆரம்பித்துவிடும். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை. காசிமேட்டில் கூடை சுமந்து நடந்த அம்மாவின் மகள் இன்று கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து பில் போடுகிறாள்; வழியில் பஜ்ஜி, பரோட்டா. தினம் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சர்க்கரை, பிரஷர், இந்த நோய் மூன்றுக்கும் ஒரே வைத்தியம். மதுவும் மார்பகப் புற்றுநோயைக் கூட்டும்.

பரம்பரையாக வருமா என்றால், நூறில் ஐந்து முதல் பத்து பேருக்குத்தான். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு, அதுவும் சின்ன வயதில், வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லவும். மிச்சப் பேருக்கு வீட்டில் யாருக்கும் வந்திருக்காது. "எங்க வம்சத்துலயே கிடையாது" என்பது காவலே அல்ல.

வலிக்கவில்லையே!

இந்த நோயின் சூதே இதுதான். ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்கிற கட்டியோடு ஓடி வருகிறார்கள். அது பெரும்பாலும் பால் கட்டோ சாதாரண நீர்க்கட்டியோதான். வலிக்காத கட்டியை வைத்துக்கொண்டு வருஷம் கடத்துகிறார்கள். "வலியே இல்லைம்மா, பெரியவ கல்யாணம் முடியட்டும்." "அம்பளை டாக்டர்கிட்ட எப்படிக் காட்டறது?" மஞ்சள் பற்றுப் போடுகிறார்கள், கழலைக்கு மந்திரிக்கிறார்கள். ஆறி வராத புண்ணாகி வாடை வந்தபிறகு, மூத்த மகள் பார்த்து அழைத்துக்கொண்டு வருகிறாள். இத்தனை வருஷமாக வீடு வீடாகப் போய் நான் அதிகம் கேட்டது இந்தப் பேச்சைத்தான்.

அந்தத் தாமதத்தின் விலை என்ன? இந்தியாவில் பதினோரு இடங்களின் பதிவேடுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நோய் மார்பகத்தோடு நிற்கும்போதே வந்த பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஐந்து வருஷம் தாண்டினார்கள். அக்குள் நெறிகளுக்குப் போனபின் வந்தவர்களில் 65 பேர். எலும்புக்கும் ஈரலுக்கும் பரவியபின் வந்தவர்களில் 18 பேர்தான். நோய் ஒன்றே, ஆஸ்பத்திரி ஒன்றே, மருந்தும் ஏறக்குறைய ஒன்றே. வந்த நாள்தான் வேறு.

எதைக் கண்டால் வர வேண்டும்? மார்பிலோ அக்குளிலோ கெட்டியாக ஒரு கட்டி. ஒரு இடத்தில் தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழிகுழியாவது. நேராக இருந்த காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது. காம்பிலிருந்து ரத்தமோ நீரோ கசிவது. ஆறாத புண், அரிப்பு. ஒன்று இருந்தாலும் அந்த வாரத்திலேயே காட்டவும். பத்துக் கட்டியில் எட்டு ஒன்பது புற்றுநோயாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எது எது என்று தடவிப் பார்த்து உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

மாதாமாதம் கண்ணாடி முன் நின்று பரீட்சை எழுதுகிற மாதிரி பார்க்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். சீனாவில் ஷாங்காய் நகரத்து நூல் ஆலைகளில் 2 லட்சத்து 66 ஆயிரம் பெண்களை வைத்து, அதில் பாதிப் பேருக்கு இதைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் மட்டும் சாவு குறையவில்லை என்று 2002ல் முடிவு வந்தது. ஆகவே பயந்து பயந்து பிசைய வேண்டாம். குளிக்கும்போது நம் மார்பு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருந்தால் போதும், மாறினால் தெரியும்.

அதைவிடப் பலன் உள்ளது பயிற்சி பெற்ற நர்ஸம்மாவின் கை. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனையினர் குடிசைப் பகுதிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களைச் சேர்த்து, இருபது வருஷத்துக்கும் மேல் பின்தொடர்ந்து 2021ல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற சாதாரணப் பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான். நோய் சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களிடையே இந்த நோயால் வரும் சாவு நூற்றுக்கு முப்பது பங்கு அளவில் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. அவர்கள் கட்டி தெரிந்த உடனே வருவதுதான் முக்கியம். நம் நாட்டில் இந்த நோய் மேல்நாட்டைவிட ஏறக்குறையப் பத்து வயது முன்னதாகவே வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு மார்பகமும் கருப்பை வாயும் பார்க்கிறார்கள். பார்ப்பது பெண் பணியாளர். திரை போட்ட இடத்தில். பத்து நிமிஷம்.

கத்தி பட்டால் பரவுமா?

பரவாது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பதாலும் பரவாது. கடைசி நிலையில் வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சீக்கிரம் இறந்ததைப் பார்த்து ஜனங்கள் கட்டிய கதை அது. இது ஒட்டுவாரொட்டியும் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையைத் தூக்கலாம், புருஷனோடு சேர்ந்து படுக்கலாம்.

கட்டி சின்னதாக இருந்தால் மார்பு முழுவதையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்து, கரண்ட் வைப்பார்கள். எடுத்த சதையில் முன்னே சொன்ன அந்தத் தபால் பெட்டி இருக்கிறதா என்று சோதிப்பார்கள். இருந்தால் நல்ல செய்தி. பெட்டியை அடைத்துவிடும் மாத்திரை, டமாக்சிபென் என்பது, 1970களிலிருந்தே இருக்கிறது; விலையும் குறைவு. தினம் ஒன்று, ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம். உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாம் வருஷம் நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய தப்பு. இந்த மாத்திரை சாப்பிடும்போது மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ரத்தப்போக்கு கண்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மற்றவை

கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பெரும்பாலும் ஐம்பதுக்கு மேல், பருத்த உடம்பும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு வருகிறது. இளம் வயதில் மாதவிலக்கு மாதக்கணக்கில் வராமல் நீர்க்கட்டி என்று சொல்லப்பட்டவர்களும் கவனமாக இருக்க வேண்டும். இதற்கு அடையாளம் சுலபம்: மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காட்டவும். "திரும்ப வந்துடுச்சு, உடம்பு சுத்தமாகுது" என்று சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சினைப்பைப் புற்றுநோய்க்கு அப்படித் தெளிவான அடையாளம் இல்லை. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துபோவது, வாரக்கணக்கில் தீராமல் இருந்தால் வாயு மருந்தோடு நிறுத்தாதீர்கள்.

தைராய்டு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கழுத்தில் கட்டி, குரல் மாற்றம் இருந்தால் காட்டவும். பெரும்பாலும் மெதுவாக வளர்வது, குணமாவது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கெல்லாம் புற்றுநோய் வரும் என்பது வீண் பயம்.

வீட்டு ஆண்களுக்கு: அறுபது வயதுக்கு மேல் ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்திருப்பது, சிறுநீர் தாரை மெலிவது பெரும்பாலும் சாதாரண புராஸ்டேட் வீக்கம்தான். ஆனால் புற்றுநோயும் அதே சுரப்பியில்தான் வரும். சிறுநீரில் ரத்தம், ஆறாத முதுகு எலும்பு வலி இருந்தால் தள்ளிப்போடக்கூடாது. மார்பகப் புற்றுநோய் நூறில் ஒன்று ஆணுக்கும் வரும்.

எங்கே போவது?

முதலில் பக்கத்துச் சுகாதார நிலையம். அங்கே சந்தேகம் என்றால் ஸ்டான்லிக்குச் சீட்டு எழுதுவார்கள். 2021 முதல் விம்கோ நகர் மெட்ரோ ஓடுவதால் வண்ணாரப்பேட்டையில் இறங்கிப் போய்விடலாம். புற்றுநோய் என்று உறுதியானால் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா நினைவு மருத்துவமனை என்று இடங்கள் இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன், மருந்து, கரண்ட் மூன்றுக்கும் வழி உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் முன்கூட்டியே எடுத்துவையுங்கள். சான்றுக்கு அலைவதில் ஒரு மாதம் போய்விடக்கூடாது. ஏதாவது கேட்க வேண்டுமானால் 104க்குப் போன் செய்யலாம்.

போகும்போது தனியாகப் போகாதீர்கள். தங்கையோ மகளோ கூட வரட்டும், டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்ள இரண்டு ஜோடிக் காது வேண்டும். பழைய சீட்டு, ஸ்கேன் படம் எது இருந்தாலும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, சாப்பிட்டு வரும் மாத்திரை, எத்தனை பிள்ளை, எவ்வளவு நாள் பால் கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கையாகப் போட்டுக்கொண்டு போனால் சோதனைக்குச் சௌகரியமாக இருக்கும்.